நின்றுபோன இருமல்

இருமலைப் பற்றிப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருமல் சத்தம் கேட்டே அலுத்துப்போனவள். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆன பிறகும் பஸ்ஸில் பின்சீட்டில் யாராவது இருமினால் காது தானாக அந்தப் பக்கம் போகிறது. வறட்டு இருமலா, சளி இருக்கிறதா, கடைசியில் இழுப்பு கேட்கிறதா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர், "போதும், ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வா" என்பார். வந்து வருடக்கணக்காகிறது என்று பதில் சொல்லக்கூட எனக்குத் தெம்பு இருப்பதில்லை.

வாரக்கணக்கில் விடாமல் இருக்கும் இருமல் என்றால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். காசநோய், ஆஸ்துமா, மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளி, நெஞ்செரிச்சல், பீடி, விறகடுப்புப் புகை, கட்டி. பரீட்சையில் கேட்டால் மூச்சுவிடாமல் எழுதிவிடுவீர்கள். ஓ.பி.யில் உட்கார்ந்தால் அந்தப் பட்டியல் எங்கே போகிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. வாசல்வரை கூட்டம் நிற்கிறது, ஃபேன் ஓடவில்லை, எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்ததும் முதலில் என்ன தோன்றுகிறதோ அதைக் கை எழுதிவிடுகிறது. எத்தனை நாளாக இருமல் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எந்த நேரத்தில் இருமல் என்று கேட்பவர்கள் பாதிப்பேர். இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்பவர்கள் அதிலும் பாதி. பக்கத்தில் படுப்பவரைக் கூப்பிட்டுக் கேட்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மாத்திரையைக் கேட்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தார். மாதக்கணக்கில் வறட்டு இருமல். கக்கத்தில் எக்ஸ்ரே கட்டு, கையில் காலி சிரப் பாட்டில்கள், கூடவே ஆடாதோடைக் கஷாயம் வேறு. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "ஒண்ணும் கிடையாதுங்க" என்றார். பி.பி. இருக்கிறதா? "இருக்குது." அதற்கு? "அது மாத்திரை இல்லைங்க, அது தினம் சாப்பிடுறது" என்றார்.

பி.பி. மாத்திரைகளில் ஒரு வகை சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கிளப்பும். அதை நிறுத்தி வேறொன்று எழுதிக் கொடுத்தேன். சில வாரத்தில் இருமல் நின்றது. மறுபடி வந்தார், நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "இத்தினி மாசம் நான் பட்ட அவஸ்தைக்கு இவ்ளோதான் காரணமா?" என்று என்னிடம் சண்டைக்கு நின்றார். காரணம் சின்னதாக இருந்தால் மனிதர்களுக்குக் கோபம்தான் வரும். பெரிதாக இருந்தால் அழுவார்கள். காரணத்துக்குப் பெயர் சரியில்லை என்றால் என்ன செய்வார்கள் என்பதைப் புனிதாவின் விஷயத்தில்தான் பார்த்தேன்.

2006 வாக்கில் என்று நினைக்கிறேன். கடலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய்ப் பிரிவில் இருந்தேன். எனக்கு மேலே ஒரு சீஃப். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது அவருக்கு. அன்றைக்குக் காலை மூன்று பெண்கள் உள்ளே வந்தார்கள். புனிதா, அவள் அம்மா, புனிதாவின் பையைத் தூக்கிக்கொண்டு அவளுடன் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருக்கும் ஒரு பெண்.

வீடு கடலூர் முதுநகர். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்குபவர். அம்மா அங்கன்வாடியில் ஆயா. அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் போன முதல் ஆள் புனிதா. சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. கணக்கு, கடைசி வருடம். அண்ணாமலை நகர் ஓரத்தில் ஒரு தனியார் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். இரண்டு மாதமாக இருமல். ஹாஸ்டல்காரம்மா அவள் பெட்டியை வராந்தாவில் எடுத்து வைத்துவிட்டு, டி.பி. இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்று சொல்லிவிட்டாள். அப்பாவோ படித்தது போதும், மாமன் மகன் இருக்கிறான், கட்டிக்கொடுத்துவிடலாம் என்கிறார். இதையெல்லாம் அம்மாதான் சொன்னார். புனிதா சொன்னது ஒன்றே ஒன்று.

"ஏப்ரல்ல பரீட்சை மேடம்."

சீஃப் எக்ஸ்ரேவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இரண்டு நுரையீரலிலும் கேழ்வரகை இறைத்தது போலப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். "மிலியரி. இன்னைக்கே ஆரம்பிச்சிடும்மா" என்று படத்தை என்னிடம் நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். டி.பி. கிருமி ரத்தத்தில் கலந்து நுரையீரல் முழுக்க விதை தெளித்த மாதிரி இறங்கியிருக்கும் நிலைதான் மிலியரி. தாமதித்தால் மூளைக்குப் போகும். சீஃப் அவசரக்காரர் இல்லை. அதற்கு முந்தின வருடம் இதே மாதிரி ஒரு படம், சளி ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தார். ரிசல்ட் வருவதற்குள் அந்த ஆளுக்கு நினைவு தப்பிவிட்டது. பிறகு திரும்பவே இல்லை. அதிலிருந்து புள்ளி வைத்த படம் எதைப் பார்த்தாலும் அவர் காத்திருப்பதில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. படத்தைப் பார்த்தால் அந்தப் பெண் படுத்துக் கிடக்க வேண்டும். ஆளைப் பார்த்தால் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாள், அவ்வளவுதான். எந்த நேரத்தில் இருமல் ஜாஸ்தி என்று கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் அறைத்தோழி முந்திக்கொண்டாள்.

"பகல்ல ஒண்ணுமே இல்ல மேடம், நம்மள மாதிரி நல்லாத்தான் இருப்பா. நாங்க தூங்குனதுக்கப்புறம்தான் ஆரம்பிப்பா. விடியுற வரைக்கும் உக்காந்துக்கிட்டே இருமுவா. பூனை கத்துற மாதிரி உள்ள ஒரு சத்தம் வேற கேக்கும். நான் தூங்கியே ரொம்ப நாளாவுது."

கோபமும் கவலையும் கலந்து சொன்னாள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த நல்ல தகவல் அது ஒன்றுதான். இரவில் மட்டும் வரும் இருமல், இழுப்பு, படத்தில் பொடிப் புள்ளிகள், ஊர் முதுநகர். கொசுவுக்கும் சாக்கடைக்கும் நம் கடற்கரையில் பஞ்சமே கிடையாது. பூச்சிக்கும் அலர்ஜிக்கும் ஏறும் அந்த வெள்ளை அணு, ஈஸ்னோபில், ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்து வரச் சொன்னேன். நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைதான். தும்மல் வந்தாலே எனக்கு ஈஸ்னோபில் இருக்கிறது என்று அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள்.

ரிசல்ட் வந்தது. கொஞ்சம் கூடுதல். பெரிதாகச் சொல்லும்படி இல்லை. சீஃப் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கடலூர்ல யாருக்கும்மா ஈஸ்னோபில் ஏறல? என்னைக் குத்திப் பாத்தா எனக்கும் இவ்ளோ இருக்கும்." அவர் சொன்னதும் சரிதான். பூச்சி, அலர்ஜி, தூசு என்று இங்கே எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கும். அதனாலேயே நம் ஊர் டாக்டர்கள் அந்த எண்ணைப் பார்த்தும் பார்க்காமல் கடந்துவிடுவோம். வேறு ஜில்லாவிலிருந்து வந்தவர்களாவது புருவத்தை உயர்த்துவார்கள்.

வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா என்று புனிதாவைக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். இன்னொரு தரம் கேட்டேன். தோழி அவள் தோளில் இடித்தாள். "அந்த செட்ட சொல்லுடி."

செட் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மெடிக்கல் ஷாப்பில் இருமல் என்று சொன்னால் டப்பாக்களிலிருந்து நாலைந்து மாத்திரைகளை எண்ணிப் போட்டுச் சின்னக் காகித உறையில் மடித்துக் கொடுப்பார்கள். சீட்டும் கிடையாது, பெயரும் கிடையாது. புனிதாவின் பையில் ஓர் உறை மீதம் இருந்தது. மேஜையில் கொட்டிப் பார்த்தேன். மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று, பெரிய வெள்ளை ஒன்று. அவற்றுக்கு நடுவில் மிளகளவுக்கு ஒரு வெள்ளை மாத்திரை. ஸ்டீராய்டு. அதைச் சாப்பிட்டால் இரண்டு நாள் இருமல் அடங்கும், பிறகு திரும்பும். திரும்பியதும் இன்னொரு செட். போன வாரம் முழுக்க அவள் அதைத்தான் விழுங்கியிருக்கிறாள்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். ஸ்டீராய்டு ஈஸ்னோபிலை அமுக்கிவிடும். அப்படியானால் ரிசல்ட்டில் இருக்கும் எண் பொய். நான் நினைத்தது சரியாக இருக்கலாம். ஆனால் அதே ஸ்டீராய்டு டி.பி.யையும் கிளறிவிடும். அப்படியானால் சீஃப் சொல்வதுதான் சரி, இன்னும் அவசரமாகவே சரி. ஒரே சின்ன மாத்திரை இரண்டு பேருக்கும் சாட்சி சொன்னது.

டி.பி. மருந்தை ஆரம்பித்துவிட்டால் என்ன கெட்டுப்போகும் என்று நீங்கள் கேட்கலாம். என் இடத்தில் இருந்த பலர் அதைத்தான் செய்திருப்பார்கள். அது டி.பி. இல்லை என்றால் அந்த மருந்தில் இருமல் நிற்காது. அதற்குள் ஹாஸ்டல் போய்விடும், பரீட்சை போய்விடும். வீட்டுக்குப் போனவளை அப்பா திரும்ப அனுப்ப மாட்டார். காரணம் தெரியாத இருமல் வருடக்கணக்கில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

சீஃபிடம் போய், செட்டை நிறுத்திவிட்டுப் பெண்கள் வார்டில் சேர்த்துக் கண்ணெதிரே வைத்துக்கொள்கிறேன், சில நாள் கழித்து ரத்தத்தை மறுபடி பார்க்கிறேன், அதுவரை டி.பி. மருந்து வேண்டாம் என்றேன்.

"ஏதாவது ஆச்சின்னா?"

"நான் பாத்துக்கறேன் சார்."

"உன்னைய நீ பாத்துக்குவம்மா. அந்தப் பொண்ணு?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். திங்கட்கிழமை வரைக்கும், அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை என்றார்.

செட் நின்றதும் இருமல் அவிழ்த்துவிட்டாற்போல் வந்தது. நான் காலையில் வார்டுக்குள் நுழையும்போதே பக்கத்துக் கட்டில்காரர்கள் புகாரோடு காத்திருப்பார்கள். ஒரு அம்மா, "ஒண்ணு அவளுக்கு மருந்து குடுங்க, இல்ல எங்களுக்கு மயக்க ஊசி போடுங்க" என்றார். புனிதாவின் கண்கள் குழிவிழுந்து போயின. மடியில் கணக்குப் புத்தகம் திறந்தபடியே இருக்கும், பக்கம் மட்டும் திரும்பாது. அவள் அம்மா வராந்தாவில் என்னை மறித்துக்கொண்டார்.

"மருந்தே குடுக்காம எம்பொண்ண வேடிக்கை பாக்குறீங்களே மேடம். பெரிய டாக்டரு அன்னைக்கே ஆரம்பிக்கச் சொன்னாராமே. நர்சம்மா சொல்லிட்டாங்க. எதுக்கு நீங்க ஆரம்பிக்கல?"

காத்திருக்கிறேன் அம்மா என்றேன். எதற்கு என்று கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கே அந்த நேரத்தில் முழுதாக நம்பிக்கை இல்லை என்பதுதான் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை காலை புனிதா தலை வலிக்கிறது என்றாள். பயந்தேன், வேறு வார்த்தை இல்லை. அவளை மல்லாக்கப் படுக்கவைத்துக் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்து மெதுவாகத் தூக்கினேன். மூளைக்குப் போயிருந்தால் கழுத்து கட்டையாக நிற்கும். தாடை வந்து நெஞ்சில் தொட்டது. இன்னொரு தரம் தூக்கினேன், தொட்டது. கண்ணுக்குள் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தூக்கமில்லாமல் இருமி இருமி வந்த தலைவலி. இருந்தாலும் மேஜையில் வந்து உட்கார்ந்து டி.பி. மருந்தை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். ஸ்டாஃப் நர்ஸ் பின்னாலேயே நின்றார். "எழுதுறீங்களா இல்லையா மேடம்? ஸ்டோருக்கு மருந்து இன்டென்ட் போடணும்."

எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, நாளை எடுக்க வேண்டிய ரத்தத்தை அப்போதே எடுக்கச் சொன்னேன். அதைத் தைரியம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அதற்குமேல் காத்திருக்க என்னால் முடியவில்லை.

லேப்காரர் ரிசல்ட்டை அனுப்பாமல் அவரே வந்தார். "மேடம், ஸ்லைடு பூரா செக்கச்செவேல்னு இருக்குது. நீங்களே வந்து பாருங்க." வெள்ளை அணுக்களில் பாதிக்குமேல் ஈஸ்னோபில். சீஃபை வீட்டிலிருந்து வரவழைத்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"கொசுவா?"

"கொசுதான் சார்."

"அப்ப இங்க எதுக்கு நின்னுட்டிருக்க? போய் ஆரம்பி."

இதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். யானைக்கால் புழுவைக் கொசு கொண்டுவருகிறது. சிலர் உடம்பில் அதன் குஞ்சுகளை நுரையீரல் பிடித்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறது. அந்தச் சண்டைதான் இரவு இருமல், இழுப்பு, படத்தில் தெரிந்த கேழ்வரகு. கால் வீங்காது. மருந்து அருமையான மருந்து, அரசாங்கம் வருடத்துக்கு ஒரு முறை வீடு வீடாகக் கொடுக்கும் அதே டி.இ.சி. மாத்திரைதான். ஊருக்கு ஒரு வேளை கொடுப்பதை இவளுக்கு மூன்று வாரம் கொடுக்க வேண்டும்.

அம்மாவைக் கூப்பிட்டேன். டி.பி. இல்லை அம்மா என்றேன். இரண்டு கையையும் கூப்பிச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்து, இதைத்தான் கொடுக்கப் போகிறோம் என்றேன். தலைப்பை விலக்கி அட்டையைப் பார்த்தார். அவருக்கு அதைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"இது யானைக்கால் மாத்திரையாச்சே."

ஆமாம் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. வராந்தாவில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், டி.பி.ன்னே எழுதிடுங்க."

எதற்கு அம்மா என்றேன்.

"டி.பி.ன்னா ஆறு மாசம் மேடம், மாத்திரை தின்னா முடிஞ்சிடும், தெருவுல நாலு பேருக்கு வந்துட்டுப் போயிருக்குது. இதுன்னு தெரிஞ்சா எம்பொண்ணு நடக்கும்போதெல்லாம் அவ காலையே பாத்துட்டிருப்பாங்க. எவன் கட்டுவான்? அதுவுமில்லாம..." என்று நிறுத்தினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எங்க தெருவுக்கு இந்த மாத்திரைய குடுக்குறவளே நான்தான் மேடம்."

வருடா வருடம் பையை மாட்டிக்கொண்டு முதுநகர்த் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர். எங்களுக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம் வாதாடியவர். வாங்கி மாடத்தில் வைக்கிறவர்களை விடமாட்டார். "எங்கிட்ட வாங்கிட்டு அப்புறம் தின்னுறேன்னு சொல்லாத, என் எதிர்ல முழுங்கு" என்று நிற்பார். எல்லா வீட்டையும் முடித்துவிட்டுத் தன் வீட்டுக்கு வருவார்.

"எங்க வீட்ல யாருக்கும் கால் வீங்கல. இவளுக்கு அப்பல்லாம் எப்பப் பாத்தாலும் பரீட்சை. மாத்திரை தின்னா தலை சுத்தும், படிக்க முடியாதுன்னு நான்தான் வேணாம்னு விட்டுட்டேன். ஒவ்வொரு வருசமும் விட்டுட்டேன்."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அதுவும் வடிந்து அலுப்பு மட்டும் மிஞ்சியது. இந்தப் பக்கம் இத்தனை வருடம் வேலை பார்த்து, டி.பி. என்று எழுத வேண்டாம் என்று காலைப் பிடித்தவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எழுதச் சொல்லிக் கையைப் பிடித்தவர் இவர் ஒருவர்தான். டி.பி. என்று எழுதினால் ஹாஸ்டலில் சேர்க்க மாட்டார்களே அம்மா என்றேன். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சரி, டி.பி. இல்லன்னு எழுதுங்க. இதையும் எழுதாதீங்க."

ஹாஸ்டலுக்கு, இவளால் யாருக்கும் எதுவும் பரவாது, எல்லோருடனும் தங்கலாம் என்று மட்டும் எழுதினேன். அவர்களுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். புனிதாவிடம் தனியாக உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். அம்மா இதை மறைக்கச் சொல்கிறார் என்றும் சொன்னேன். "எனக்கு என்னன்னு எனக்குத் தெரிஞ்சா போதும் மேடம். அம்மா யாருகிட்ட என்ன வேணா சொல்லட்டும்" என்றாள்.

ஒரு வாரத்துக்குள் வார்டு அமைதியாகிவிட்டது. மயக்க ஊசி கேட்ட அம்மா ஒரு காலையில் என்னிடம், "அந்தப் பொண்ணு போயிடுச்சா?" என்று கேட்டார். புனிதா பக்கத்துக் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மருந்து முடிந்து சில வாரம் கழித்து எடுத்த படத்தில் கேழ்வரகு இல்லை. ஏப்ரலில் பரீட்சை எழுதினாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்குச் சொல்ல நல்ல கேஸ். ஆனால் இருமல் நின்ற பிறகும் அதன் பெயர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், 2011. ஓ.பி. முடிகிற நேரத்துக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சலவை வேட்டி, சட்டைப்பையில் பேனா. நோயாளி இல்லை என்றார். மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண் தனியார் கல்லூரியில் கணக்கு சொல்லித்தருகிறாள், முதுநகர்.

"விசாரிச்சதுல அந்தப் பொண்ணுக்கு முன்ன டி.பி. வந்து இங்கதான் பாத்தீங்கன்னு சொல்றாங்க மேடம். முழுசா கொணமாயிடுச்சான்னு ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

யார் சொன்னது என்று கேட்டேன். அவள் அம்மாவே தெருவில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம். அந்த அம்மா கடைசியில் தான் நினைத்ததைச் செய்துவிட்டார். எழுத மறுத்தது நான்தான், தெருவுக்கு எழுத்து எதற்கு.

நோயாளிகளைப் பற்றி வெளியாரிடம் பேச மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. வெளியாள் இல்லை, சம்பந்தியாகப் போகிறவன் என்றார். என்ன வியாதி என்றாவது சொல்லுங்கள் என்றார்.

"இருமல்" என்றேன்.

"என்ன இருமலு?"

"நின்னுபோன இருமல். மத்தத அந்தப் பொண்ணையே கேளுங்க."

சலித்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் பார்த்தேன். வேட்டி இடது பக்கம் மட்டும் தரையில் புரண்டது. இடது செருப்பின் வாரை அறுத்து, நீளமாக இன்னொரு துண்டு வைத்துத் தைத்திருந்தது. நடையில் அந்தக் கால் ஒரு கணம் பின்தங்கி வந்தது. இத்தனை வருடம் கடலூரில் இருந்தவளுக்கு வேட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. இந்தக் காலை வைத்துக்கொண்டு இன்னொருத்தி நெஞ்சை எடைபோட வந்திருக்கிறீர்களா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். என் வேலைக்காலத்தில் நான் விழுங்கியதிலேயே கசப்பானது அதுதான்.

"கால் எப்பலேர்ந்துங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அது அடிபட்டது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போகப் பார்த்தார். வேகமாகப் போக முடியவில்லை.

அந்தச் சம்பந்தம் முறிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். மாதங்கள் கழித்து, 2012இல், நான் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஓ.பி. வாசலில் புனிதா நின்றாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு. பெஞ்சில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். புனிதா மட்டும் உள்ளே வந்தாள்.

"எங்கிட்டயே வந்து கேட்டாரு மேடம். உள்ளத சொன்னேன். டி.பி. இல்ல மாமா, யானைக்கால் புழு, கொசுவால வந்துச்சி, மாத்திரை தின்னு போயிடுச்சின்னேன். அம்மா பக்கத்துல தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்துட்டாங்க. அவரு எழுந்து கதவ சாத்திட்டு வேட்டிய தூக்கிக் காட்டினாரு. இத பாத்துட்டு நீ சரின்னா எனக்கும் சரிம்மான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"மொதல்ல டாக்டரம்மாகிட்ட போலாம் மாமா, அப்புறம் பேசிக்கலாம்னேன். கல்யாணமே முடிஞ்சிடுச்சி, இப்பதான் ஒத்துக்கிட்டு வந்திருக்காரு. அடிக்கடி குளிர் காய்ச்சல் வேற வருது மேடம்."

நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு ஏன் காலைக் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த டாக்டர் நான் ஒருத்திதான். பெரியவரை உள்ளே அழைத்து ஸ்டூலில் உட்காரவைத்தேன். கேஸ் ஷீட்டை எடுத்ததும் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"மேடம், அடிபட்டதுன்னே எழுதிடுங்க."

ஷீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். வாயால், "சரிங்க" என்றேன். புனிதா தரையில் உட்கார்ந்து, ஒட்டுப்போட்ட அந்தச் செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.